சென்றாயன் பார்த்துக் கொடுத்த டயர்

வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் ஒரு காலத்தில் மாப்பிள்ளையைச் சரியாக விசாரிக்காமல்கூடப் பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மாட்டை மட்டும் சென்றாயன் வந்து பார்க்காமல் பிடிக்க மாட்டார்கள். மாப்பிள்ளை சரியில்லை என்றால் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசித் திருத்தலாம், மாட்டிடம் யார் போய்ப் பேசுவது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் தப்பில்லை.

சென்றாயன் மாட்டுத் தரகர். கல்லாவிச் சந்தையிலிருந்து கிருஷ்ணகிரிச் சந்தை வரைக்கும் அவர் தலையைக் கண்டால் மாடு விற்க வந்தவன் கயிற்றை இழுத்துக்கொண்டு நகரப் பார்ப்பான். கிழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி, விளக்குக் கரியும் எண்ணெயும் தடவி, உப்பைத் தின்னவைத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை உப்பவைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பான். சென்றாயன் வாயைப் பிளந்து ஒரு விரல் விட்டுப் பார்ப்பார், முதுகில் ஒரு தட்டு, வாலடியில் ஒரு தடவல். "ஏம்பா, இது எங்க தாத்தா காலத்து மாடு இல்ல?" என்று கேட்டுவிட்டு நடந்துவிடுவார். மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பக்கத்தில் மாடு பிடிப்பதற்கு ரெண்டு சட்டம் உண்டு. எழுதிவைத்ததில்லை, ஆனால் எழுதிவைத்த சட்டத்தைவிட ஜனங்கள் இதற்குத்தான் பயந்தார்கள். விலை பேசுகிற ரெண்டு பேரும் துண்டுக்கடியில் கையைக் கோத்து விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும்; கை துண்டுக்குள் போய்விட்டால் கூட வந்தவன் எவனும் வாயைத் திறக்கக் கூடாது. இது ஒன்று. மாடு பார்த்துக் கொடுத்தவனே முதல் ஏரையும் பூட்ட வேண்டும். மாடு முட்டினால் முதல் முட்டு அவனுக்கு. இது ரெண்டாவது. இந்த ரெண்டு சட்டமும் சேர்ந்துதான் சென்றாயனை ஒரு நாள் மலை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தின.

அதற்கு முன்னால் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தாறாம் வருஷத்தில் சென்றாயனுக்குக் கண் தெரியாது. முழுக் குருடு என்று சொல்ல முடியாது. புரை விழுந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. எதிரில் நிற்பது மாடா மனுஷனா என்று தெரியும், எந்த மாடு, என்ன நிறம் என்று தெரியாது. ஊர் முழுக்க "சென்றாயன் கண்ணு, தப்பாது" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தக் கண்ணில் தினமும் மார்கழி மாசத்துப் பனிதான். வெளியே தெரிந்தால் அடுத்த சந்தைக்கு ஒருத்தன் கூப்பிட மாட்டான். வேறு தொழிலும் தெரியாது. இருந்த அரை ஏக்கர் மானாவாரியில் விளைகிற ராகி ரெண்டு பேருக்கு ஆறு மாசம் காணாது. அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நடமாடினார்.

மறைக்க முடிந்ததற்குக் காரணம், அந்தத் தொழிலே பாதிக்கு மேல் கைத்தொழில். பல்லுக்கு விரல், சுழிக்கு விரல், விலைக்கும் விரல். நிறம் ஒன்றுதான் விரலுக்கு அகப்படாது. ஜோடி மாட்டுக்கோ நிறம்தான் முதல் லட்சணம். வெள்ளையோடு கருப்பைப் பூட்டினால் உழவு நன்றாகத்தான் நடக்கும், ஆனால் ஊர் சிரித்தே ஆளைக் கொன்றுவிடும். அந்த ஒரு விஷயத்துக்குத்தான் அவர் மனைவி நாகம்மா.

நாகம்மா ரெண்டு வருஷமாக ஒரு சந்தை விடாமல் கூடப் போனாள். மாட்டுச் சந்தைக்குப் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வருகிற தரகர் அந்த ஜில்லாவிலேயே அவர் ஒருத்தர்தான். "முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஆளுக்கு ஆசை முத்திப் போச்சு" என்று கிண்டல் செய்தார்கள். இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மாட்டின் பக்கத்தில் போய் நின்றதும் நாகம்மா தனக்குத்தானே புலம்புகிற மாதிரி, "ஐயோ, பாலைக் காய்ச்சி மூடாம வந்துட்டனே" என்பாள். மாடு வெள்ளை. "அடுப்புல சட்டி கரிஞ்சு போயிருக்கும்" என்றால் கருப்பு. "மொளகாயக் காயவச்சுட்டு வந்துட்டன்" என்றால் செவலை. சந்தைக்காரர்களுக்கெல்லாம் அவள்மேல் பரிதாபம். ஒரு நாளாவது இந்தம்மா வீட்டில் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறாளா என்று பேசிக்கொள்வார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால்தான் ஊர்க்கவுண்டர் நாராயணப்பன் ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். பெங்களூரில் ஒரு டாக்டர் ஓட்டி ஓய்ந்த பழைய ஆஸ்டின். மாந்தோப்புக் குத்தகையில் நல்ல வரும்படி வந்த வருஷம் அது. ஆனால் ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. அவருடைய ஒரே மகள் சரோஜம்மாளை அஞ்செட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். ஏழு மாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். மாட்டு வண்டியில் அந்த மலைப்பாதையில் ரெண்டு நாள் குலுங்கினால் பிள்ளை வழியிலேயே இறங்கிவிடும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

காரை ஓட்ட முனிராஜ் என்று ஓசூர் ஆள் ஒருத்தரை வைத்தார். நாற்பது வயசு, யுத்தத்தில் பர்மா வரைக்கும் ராணுவ லாரி ஓட்டினவர். முனிராஜ் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, டயரைக் காலால் உதைத்தார்.

"கவுண்டரே, இன்ஜின் நல்லாக்கீது. ஆனா டயர்ல பட்டனே இல்ல. எங்க மாமனார் தலையாட்டம் வழவழன்னு கீது. தேன்கனிக்கோட்டை தாண்டி மலை எறங்கறப்ப பிரேக் போட்டா சக்கரம் நிக்கும், வண்டி நிக்காது. நாலையும் மாத்தணும்."

"மாத்திடலாம். நல்லதாப் பாத்து வாங்கணுமே" என்றார் கவுண்டர். கொஞ்சம் யோசித்தார். "சென்றாயனக் கூட்டியாங்க."

சென்றாயன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கவுண்டரே, எனக்கு மாடுதான் தெரியும். இதுக்குப் பல்லு இல்ல, சுழி இல்ல, வாலு இல்ல. இத்த நான் எங்க புடிச்சுப் பாக்கறது?"

"காலு இருக்குது இல்ல? மலை எறங்கற மாட்டுக்குக் காலைத்தான பாப்ப? அதையே பாரு. டயருக் கடைக்காரன் பெங்களூர்க்காரன், நம்மள ஏச்சுடுவான். உன்னை எவனும் ஏச்சதில்ல." கவுண்டர் குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணு வயித்துல புள்ளையோட வரப்போறா, சென்றாயா."

இதற்கு மேல் என்ன மறுப்பது? கண் தெரியாது என்று சொன்னால்தான் மறுக்க முடியும். சென்றாயனுக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து, திரும்பி உள்ளே போய்விட்டது.

"இன்னொண்ணு. பாத்துக் குடுத்தவன்தான் மொத ஏர் பூட்டணும். மலை எறங்கறப்ப முன் சீட்டுல நீதான் குந்தற" என்றார் கவுண்டர்.

மறுநாள் காலையில் சென்றாயனும் முனிராஜும் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். நாகம்மாவும் வருவதாகச் சொல்லிப் பார்த்தாள். டயர் வைக்கவே இடம் போதாது என்று முனிராஜ் சொல்லிவிட்டார். கார் புறப்படும்போது நாகம்மா ஜன்னல் பக்கம் குனிந்து, "கையை நம்புங்க, வாயை நம்பாதீங்க" என்று மட்டும் சொன்னாள். டயருக்கு நிறம் ஒரே நிறம்தானே, கருப்பு, இதில் நான் எதற்கு என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அங்கேதான் இருவரும் ஏமாந்தார்கள்.

பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்று, தமிழில் உட்காரவைத்து, நாலு டயரைக் கொண்டுவந்து வரிசையாகச் சாத்தினார். நாலும் கண்ணாடி மாதிரி பளபளத்தன. முனிராஜுக்கே ஆசை வந்துவிட்டது.

சென்றாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டயரின் முன்னால் குந்தினார். கண்ணை மூடிக்கொண்டார், திறந்திருந்தாலும் ஒன்றுதான், மூடினால் மரியாதையாக இருக்கும். உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவினார். விரலில் பிசுபிசுப்பு. மோந்து பார்த்தார். கரியும் எண்ணெயும் தடவின மாட்டுக் கொம்பு ஞாபகம் வந்தது. பட்டன் பள்ளத்துக்குள் நகத்தை விட்டார். அச்சில் வார்த்த பள்ளம் மழுமழுவென்று இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது, ஆனால் கத்தி பட்ட இடம் சொரசொரவென்று இருக்கும் என்பது தெரியும். சீவின கொம்பு அப்படித்தான் இருக்கும். ஓரத்தை மடக்கிப் பார்த்தார். வெடிப்பு, நெல் நுழைகிற அளவுக்கு.

"கடைக்காரரே, பல்லு புதுசா இருக்குது, மாடு கெழடா இருக்குதே" என்றார்.

கடைக்காரர் சிரித்த வாயை மூடினார். தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி மை பூசி விற்கிற வித்தையை அதுவரை எந்த மாட்டுத் தரகரும் கண்டுபிடித்ததில்லை. முனிராஜ் குனிந்து பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

பிறகு சென்றாயன் கடையின் பின்கட்டுக்கே போய்விட்டார். அடுக்கிவைத்திருந்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டச் சொன்னார். தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மடக்கினார், மோந்தார். இருபது டயரில் நாலைப் பிரித்து வைத்தார். நாலும் முறுக்கான டயர்கள், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பள்ளம் ஆழம், ஓரம் கெட்டி, வெடிப்பு என்ற பேச்சே இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் ஆடம்பரக் கார்களுக்குப் பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை போட்ட டயர் வரும். சென்றாயன் பிரித்து வைத்த நாலில் ரெண்டு அப்படிப்பட்டது, ரெண்டு சுத்தக் கருப்பு. முனிராஜ் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல…" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் சென்றாயன் துண்டை உதறிக் கடைக்காரரின் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துவிட்டார். "பேசாத முனிராஜு. கை உள்ள போயாச்சு" என்றார். சட்டம் சட்டம்தான். முனிராஜ் வாயைப் பொத்திக்கொண்டார். கடைக்காரரோ, பட்டப்பகலில் கடை வாசலில் ஒரு பெரிய மனுஷர் தன் விரலைப் பிடித்து நெரிப்பதற்கு என்ன அர்த்தம் என்று புரியாமல், விட்டால் போதும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதோடு, நாலாகச் சேராமல் ரெண்டு ரெண்டாகக் கிடந்த டயர் ஒரே நாளில் தொலைகிறதே என்ற சந்தோஷத்தில், நிறத்தைப் பற்றி அவரும் வாயைத் திறக்கவில்லை.

டயர்களைக் கடையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மாட்டுகிற ஆள், முன்னால் ரெண்டும் வெள்ளை, பின்னால் ரெண்டும் கருப்பு என்று தன் புத்திக்கு எட்டியபடி போட்டிருந்தான். வழியெல்லாம் சென்றாயன் சந்தோஷமாக இருந்தார். ஓசூருக்கு முன்னால் எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் காரை நிறுத்தும்வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் சாராயம் தாராளம், இந்தப் பக்கம் சொட்டுக் கிடையாது. டியூபுக்குள் சாராயத்தை ஊற்றிக்கொண்டு வருகிற கெட்டிக்காரர்கள் இருந்ததால், போலீஸ்காரர் ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி மோந்து பார்த்தார். மோந்து முடித்து எழுந்தவர் காரை மறுபடி ஒரு பார்வை பார்த்தார்.

"இது இன்னாய்யா கூத்து? ரெண்டு வெள்ளை, ரெண்டு கருப்பு? கண்ணு தெரியாதவன் வாங்கினதா?"

சென்றாயன் தன்னையறியாமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். வெள்ளையா? டயரில் ஏது வெள்ளை? கேட்கவும் முடியாது. வெள்ளையையும் கருப்பையும் ஜோடி சேர்த்தவன் என்ற பேர் வந்தால் அடுத்த கேள்வி கண்ணைப் பற்றித்தான். வாய் தானாகத் திறந்தது. கையை நம்பு, வாயை நம்பாதே என்று நாகம்மா சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை.

"மலைப் பாதைக்கு அப்பிடித்தான் போடணும்" என்றார். "பள்ளத்துப் பக்கம் வெள்ளை, மலைப் பக்கம் கருப்பு. ஓட்டறவனுக்கு வெளிம்பு தெரியணும் இல்ல?"

"முன்னால ரெண்டும் வெள்ளையா இல்ல இருக்குது?"

"ஊருக்குப் போய் மாத்திடுவம்."

"சரி, திரும்பி வரப்ப பள்ளம் அந்தாண்டப் பக்கம் போயிடுமே?"

"திரும்பறப்ப மாட்டை எடம் வலம் மாத்திப் பூட்டறதில்லையா? அந்த மாதிரி மாத்திக்க வேண்டியதுதான்."

போலீஸ்காரர், "அட, இதுலயும் இவ்வளவு இருக்குதா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாலு சக்கரத்தையும் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை கழற்றி மாட்ட வேண்டியது யார் என்று முனிராஜ் யோசித்தார். ஆறு மைல் தூரம் கியரை அடித்து அடித்துப் போட்டார்.

ஊருக்கு வந்ததும் முனிராஜ் ஜாக்கி போட்டு, வெள்ளை ரெண்டையும் இடது பக்கம், கருப்பு ரெண்டையும் வலது பக்கம் மாற்றினார். ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஒரு பக்கம் பார்த்தால் கருப்பு, மறு பக்கம் பார்த்தால் வெள்ளை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் கவுண்டர் வந்தார். காரைச் சுற்றி நடந்தார், நாலு டயரையும் தடவினார்.

"பேஷ். நாலும் ஒரே ஜோடி" என்றார்.

ஊர்க்கவுண்டர் ஒரே ஜோடி என்று சொன்னபிறகு இல்லை என்று சொல்ல ஊரில் யாருக்குத் தைரியம்? எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கலைந்து போனார்கள். சென்றாயன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கவுண்டர் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய் நாகம்மாவிடம் சொன்னார்.

"நெறத்த விடுங்க. டயர் கெட்டியா இருக்குதா?" என்றாள் அவள்.

"மாடா இருந்தா சத்தியம் பண்ணுவன். இது ரப்பரு. எனக்கு இன்னாத்தத் தெரியும்? அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்த மொகத்தோட உசுரோட இருக்கறது, நாகு?"

அவருக்கு நிஜமாகவே பயம். பேர் போவதைவிடப் பெரிய பயம் இப்போதுதான் வந்திருந்தது. காலையில் எல்லாவற்றையும் கவுண்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. தன் புளுகு ஒரு நாளோடு போகட்டும் என்று நினைத்தார். ஆனால் காலையில் கவுண்டர் காரில் ஏறும்போதே, "சென்றாயன் பாத்தது, பயமில்ல" என்று வழியனுப்ப வந்த மருத்துவச்சியிடம் சொல்லிக்கொண்டே ஏறினார். நாக்கு மறுபடி உள்ளே போய்விட்டது.

தேன்கனிக்கோட்டையில் இட்லி, காப்பி முடித்துக்கொண்டு மலையில் இறங்க ஆரம்பித்தார்கள். முந்தின நாள் மழை. பாதையில் செம்மண் குழம்பாகக் கிடந்தது. முன் சீட்டில் இடது பக்கம் சென்றாயன், பின்னால் கவுண்டர். முதல் வளைவில் சென்றாயன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார், ரெண்டாவது வளைவில் நாகம்மாவை, மூன்றாவது வளைவில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்த நேரம், எதிர் வளைவிலிருந்து மூங்கில் பாரம் ஏற்றின லாரி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது.

முனிராஜ் இடது பக்கம் ஒடித்துப் பிரேக்கை மிதித்தார். கார் சேற்றில் இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனது. போய், நின்றது. லாரியின் மூங்கில் கார்க் கண்ணாடியை உரசிக்கொண்டு மேலே போயிற்று.

"புடிச்சுக்கிச்சு" என்றார் முனிராஜ். "அண்ணே, டயரு புடிச்சுக்கிச்சு. பழைய டயரா இருந்தா இந்நேரம் கீழ கெடப்பம்."

சென்றாயனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை ஏமாற்றவில்லை. ரப்பரானாலும் ஏமாற்றவில்லை.

"சென்றாயா, எறங்கிப் பாரு. வெளிம்புக்கு எத்தினி வெரக்கடை இருக்குது?" என்றார் கவுண்டர்.

அந்தச் சந்தோஷத்தில் சென்றாயன் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். கால் வைத்த இடத்தில் தரை இல்லை. கீழே இருநூறு அடிக்கு வெறும் காற்று. அவர் கண்ணுக்கு அது எப்போதும் போல வெள்ளைப் பனியாகத்தான் இருந்தது. முனிராஜ் பாய்ந்து அவர் தோள் துண்டையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

"கண்ணு தெரியலையா அண்ணே?"

சென்றாயன் சீட்டில் சுருண்டு கிடந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"தெரியல" என்றார். "ரெண்டு வருஷமா தெரியல. கவுண்டரே, மாடெல்லாம் கையால பாத்ததுதான். நெறத்த நாகம்மா சொல்லுவா. இந்த டயரையும் கையாலதான் பாத்தன். வெள்ளையும் கருப்பும் கலந்தது எனக்குத் தெரியாது. பள்ளத்துப் பக்கம் வெள்ளைன்னு சொன்னது அத்தனையும் பொய்யி."

சென்றாயன் காத்திருந்தார். ஊருக்குப் போனதும் பஞ்சாயத்து, சந்தையில் சிரிப்பு, ஆறு மாச ராகி, எல்லாம் கண்முன் வந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"எந்த வெள்ளை?" என்றார் கவுண்டர்.

முனிராஜ் திரும்பிப் பார்த்தார். "டயருங்க கவுண்டரே. ரெண்டு வெள்ளைப் பட்டை."

"நாலும் கருப்பு இல்லையா?"

முனிராஜ் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார்.

கவுண்டர் கனைத்தார். "எனக்கும் ஒரு வருஷமா பொகைதான். கணக்குப்பிள்ளை எதுக்குத் தெனம் பேப்பர் படிச்சுக் காட்டறான்னு நெனச்ச? வரப்புத் தகராறுக்கு வந்து நிக்கறவங்க கிட்ட, வரப்பே தெரியலன்னு சொல்ல முடியுமா?" முன் சீட்டைத் தடவிச் சென்றாயன் தோளைத் தொட்டு, "நல்லா ஜோடி சேந்தம்" என்றார்.

யுத்தத்தில்கூட இப்படி ஒரு ஆபத்தில் மாட்டினதில்லை என்று முனிராஜ் பிற்பாடு சொல்லுவார். மூன்று பேர் போகிற காரில் மூன்று பேருக்கும் சேர்த்து ரெண்டு கண், அதுவும் அவருடையது.

சரோஜம்மாளைப் பத்திரமாகக் கூட்டிவந்தார்கள். திரும்பும்போது அஞ்செட்டியில் கவுண்டரே, "முனிராஜு, சக்கரத்த மாத்து. வெள்ளை பள்ளத்துப் பக்கம் வரணும்" என்றார். "அது பொய்யின்னு இவரே சொன்னாரே" என்றார் முனிராஜ். "எனக்குக் காது கேக்கல" என்றார் கவுண்டர். இந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று சென்றாயன் தெரிந்துகொண்டார். முனிராஜ் ஜாக்கியை எடுத்தார்.

இதற்குள் மூங்கில் லாரிக்காரன் தேன்கனிக்கோட்டை டீக்கடையில் கதையைச் சொல்லிவிட்டான். ஒரு கார், நாலு விரல்கடையில் நின்றது, விளிம்பில் நின்றது வெள்ளை டயர். போதாதா? ரெண்டே வாரத்தில் வேப்பனப்பள்ளியில் பாதி மாட்டு வண்டிக்கு ஒரு பக்கச் சக்கரத்தில் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் மலை இல்லாத ஊர்க்காரர்களும் அடித்தார்கள். சுண்ணாம்புக்காரன் சென்றாயனைக் கண்டால் கும்பிட்டான்.

தையில் சரோஜம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கவுண்டர் குழந்தையை மடியில் வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். யார் ஜாடை என்று எல்லோரும் கேட்டார்கள். "எங்கப்பன் ஜாடை" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே சென்றாயன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பேரன் மொகம் தெரியல, சென்றாயா. பெங்களூர் ஆஸ்பத்திரியில புரையை எடுக்கறாங்களாம். ரெண்டு பேரும் போறம்."

"கண்ணுல கத்தி வைப்பாங்களே, கவுண்டரே. நான் வரல."

"ஆஸ்பத்திரியைப் பாத்து வச்சது யாரு? நானு. பாத்துக் குடுத்தவன்தான் மொத ஏர் பூட்டணும். மொதல்ல நான் படுக்கறன். கத்தி முட்டுனா என்னை முட்டட்டும்."

சொன்னபடியே முதலில் அவர்தான் படுத்தார். மறுநாள் சென்றாயன். கண்ணைக் கட்டி, தலையை அசைக்கக் கூடாது என்று பத்து நாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டுவைத்தார்கள். ரெண்டு பேரும் பத்து நாளும் மாட்டைப் பற்றிப் பேசி நர்ஸை அழவைத்தார்கள்.

கட்டுப் பிரித்து, கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்போடு ஊருக்குப் போய், ஒன்றரை மாசம் கழித்துக் கண்ணாடி வாங்க மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை நாகம்மாவும் வந்திருந்தாள். சோடாப்புட்டி அடி மாதிரி கனத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிப் படியில் இறங்கினார்கள். வாசலில் கார் நின்றது. இருவரும் நின்று பார்த்தார்கள். காரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

"இன்னாய்யா இது, இவ்வளவு அசிங்கமா இருக்குது" என்றார் கவுண்டர்.

"இதுக்கா சுண்ணாம்பு அடிச்சாங்க" என்றார் சென்றாயன்.

"மாத்திடலாமா?" என்று முனிராஜ் ஆசையோடு கேட்டார். வேண்டாம் என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கார்ப் பக்கத்தில் நாகம்மா நின்றிருந்தாள். சென்றாயன் அவளை நோக்கி ரெண்டு எட்டு வைத்தார், நின்றுவிட்டார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கடைசியாகப் பார்த்தபோது அவள் தலையில் வகிட்டோரம் நாலு நரைதான். இப்போது ஒரு கருப்பு முடி இல்லை. ரெண்டு வருஷம் வெயிலிலும் புழுதியிலும் சந்தை சந்தையாக நடந்து, வந்த மாட்டின் நிறத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னவள், இந்த ஒரு நிறத்தை மட்டும் அவரிடம் சொல்லவே இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"நாகு" என்றார். "பாலைக் காய்ச்சி மூடாம வந்துட்டியா?"

நாகம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "சந்தையில மாட்டு நெறத்தத்தான கேட்டீங்க" என்று சொல்லிவிட்டு, காருக்குள் ஏறி உட்கார்ந்தாள்.